போலீஸ் கார் வேறு, போலீஸுக்குக் கொடுத்த கார் வேறு

ஒரு காரை ஓரங்கட்டிவிட்டு, இன்ஜினை மட்டும் அணைக்காமல் ஒரு மணி நேரம் விட்டால், அது கிட்டத்தட்ட 53 கிலோமீட்டர் ஓடிய அளவுக்குத் தேய்ந்திருக்கும். அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தன் போலீஸ் வண்டிகளுக்குச் சொல்லும் கணக்கு இது. அவர்கள் மைலில் 33 என்பார்கள். அதனால்தான் அங்கே போலீஸ் கார்களில் ஓடிய தூரத்தோடு, இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது, அதில் நின்ற இடத்திலேயே ஓடியது எவ்வளவு என்ற கணக்கும் இருக்கிறது. கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றினால் இன்ஜின் சீக்கிரமே கைவிட்டுவிடும்.

போலீஸ் கார் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது துரத்தல் காட்சிதான். துரத்தலும் உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் எட்டு, பத்து, சில இடங்களில் பன்னிரண்டு மணி நேரம் என்று போகும் ஷிஃப்ட்டில் அந்த வண்டி பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும், அல்லது தெருத்தெருவாக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர் அங்கேயே அறிக்கை எழுதுவார், கணினியில் நம்பர் பிளேட்டைத் தேடுவார், ரேடியோவில் பேசுவார், சாப்பாட்டையும் முடித்துக்கொள்வார். விளக்கு, ரேடியோ, கணினி, கேமரா, ரேடார் எல்லாம் ஓயாமல் மின்சாரம் கேட்பவை. இன்ஜினை அணைத்தால் பேட்டரி தாங்காது, ஏசியும் நின்றுவிடும். மோப்ப நாயோடு போகும் வண்டியாக இருந்தால் ஏசி நிற்பது நாயின் உயிருக்கே ஆபத்து. அதற்கென்றே ஒரு கருவி உண்டு: உள்ளே சூடு ஏறினால் ஹாரன் அடிக்கும், கண்ணாடியை இறக்கும், மின்விசிறியைப் போடும்.

ரோந்து காரை வடிவமைப்பதில் பாதி வேலை இந்த உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கானது. மீதிப் பாதிதான் ஓட்டத்துக்கு.

ரெடிமேட் சட்டையும் தைத்த சட்டையும்

உலகில் ஓடும் போலீஸ் கார்களில் அநேகமாக எல்லாமே பொதுமக்களுக்காகச் செய்த கார்கள்தான். நம் ஊரில் பொலேரோவோ இன்னோவாவோ வாங்கி, பெயிண்ட் அடித்து, கூரையில் விளக்கு மாட்டி ரோந்துக்கு அனுப்புகிறோம். அமெரிக்காவில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். ஃபோர்டு, செவ்ரோலே, டாட்ஜ் போன்ற நிறுவனங்கள் தங்கள் சாதாரண மாடல்களிலேயே 'போலீஸ் பேக்கேஜ்' என்று தனியாக ஒன்றைச் செய்து தருகின்றன. ரெடிமேட் சட்டையை வாங்கி டெய்லரிடம் கொடுத்து இடுப்பைப் பிடித்துத் தரச் சொல்வதற்கு ஒப்பான வேலை இது. அளவெடுத்துத் தைத்த சட்டை என்பது வேறு. அப்படி ஒன்றைத் தைக்க முயன்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் கதையைப் பிறகு சொல்கிறேன்.

போலீஸ் பேக்கேஜில் என்னென்ன மாறும்? பிரேக் பெரிதாகும். 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து திரும்பத் திரும்ப பிரேக் அடித்தால் சாதாரண கார் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். இன்ஜின் ஆயிலையும் கியர்பாக்ஸ் ஆயிலையும் குளிர்விக்கத் தனி ரேடியேட்டர்கள் வரும். மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பெரிதாகும். நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கினாலும் தாங்கும்படி சக்கரம் அலாயாக இல்லாமல் இரும்பில் இருக்கும். ஸ்டெப்னியும் ஒப்புக்குச் சப்பாணியாக இல்லாமல் முழு அளவில் இருக்கும். வேகத்தை அளந்து வழக்குப் போட வேண்டியிருப்பதால் ஸ்பீடோமீட்டரும் துல்லியத்துக்குச் சான்று பெற்றது.

கியர் லீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டியதை, பழைய அம்பாசடர் போல ஸ்டீயரிங் பக்கத்திலேயே வைத்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் இடம் அவ்வளவு விலை உயர்ந்தது. சைரன் பொத்தான்கள், ரேடியோ, லேப்டாப் தாங்கி, சில வண்டிகளில் துப்பாக்கி மாட்டும் கொக்கி எல்லாம் அங்கேதான் வர வேண்டும். இஷ்டத்துக்கு எங்கும் பொருத்திவிடவும் முடியாது. விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியும் வழியில் லேப்டாப் இருந்தால், அதுவே பறந்து வந்து ஆளை அடித்துவிடும். அதனால் எந்த இடத்தில் எதையும் பொருத்தக் கூடாது என்று கார் நிறுவனங்களே வரைபடம் கொடுக்கின்றன.

மிச்சிகன் மாநில போலீஸ் ஆண்டுதோறும் புதிய போலீஸ் மாடல்களை வரிசையாக நிறுத்திச் சோதித்து, முடிவை வெளியிடுகிறது. நாடு முழுக்க உள்ள காவல் துறைகள் கார் வாங்கும்போது அதைப் பார்க்கின்றன. முடுக்கம், உச்ச வேகம், பிரேக், பந்தயத் தடத்தில் வளைவு எடுக்கும் திறன் இவற்றோடு, ஏறி இறங்குவது எப்படி, ரேடியோ பொருத்த இடம் வசதியா என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு.

இடுப்பில் ஏறிய சுமை

வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் சீட். சாதாரண காரின் சீட்டை நினைத்துப் பாருங்கள். வளைவில் உடம்பு சாயாமல் இருக்க, இரண்டு பக்கமும் மெத்தை உயர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். அதே சீட்டில் ஒரு அமெரிக்கக் காவலரை உட்கார வையுங்கள். அவர் பெல்ட்டில் வலது பக்கம் துப்பாக்கி, இடது பக்கம் மின்அதிர்ச்சி தரும் டேசர், நடுவே தோட்டா உறைகள், கைவிலங்கு, டார்ச், தடி, ரேடியோ. எல்லாம் சேர்ந்து பல கிலோ. மெத்தையின் அந்த உயர்ந்த ஓரம் துப்பாக்கி உறையைத் தூக்கிப் பிடித்து விலாவில் குத்தும். பின்பக்கம் செருகிய கைவிலங்கு முதுகெலும்பின் அடியில் அழுந்தும். பத்து வருடம் இப்படி உட்கார்ந்தால் முதுகு என்னவாகும்? முதுகுவலி அந்த வேலையின் பழகிப்போன புகார்களில் ஒன்று.

அதோடு, சீட் பெல்ட்டைக் கழற்றும் கொக்கி துப்பாக்கி உறைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அவசரத்தில் இறங்க வேண்டியவருக்கு அந்த இரண்டு நொடித் தடுமாற்றம் பெரிய விஷயம். இதற்குப் பயந்தே சிலர் பெல்ட் போடாமல் ஓட்டுவதும் உண்டு. அது இன்னும் மோசம்.

ஆகவே போலீஸ் சீட்டில் பக்கவாட்டு மெத்தையைக் குறைத்திருப்பார்கள். பெல்ட் சாமான்கள் உட்கார இடுப்புக்கு இருபுறமும் குழிவு விட்டிருப்பார்கள். துணியும் சீக்கிரம் கிழியாத முரட்டு ரகம். ஃபோர்டு வண்டியில் முன் சீட்டின் முதுகுக்குள் இரும்புத் தகடு ஒன்றும் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் கத்தியை மறைத்து வைத்திருந்து சீட் வழியாகவே குத்தினால்? அதற்காக.

பின் சீட்டுக்கு வருவோம். அங்கே யார் உட்காருவார் என்பது தெரிந்ததே. கதவை உள்ளிருந்து திறக்க முடியாது, கண்ணாடியையும் இறக்க முடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே கம்பி வலை அல்லது கண்ணாடி போன்ற கெட்டி பிளாஸ்டிக் தடுப்பு. பல துறைகள் மெத்தை சீட்டையே எடுத்துவிட்டு, ஒரே வார்ப்பாகச் செய்த கெட்டி பிளாஸ்டிக் சீட்டைப் போடுகின்றன. போதையில் வாந்தி எடுப்பார்கள், ரத்தம் வடியும், சிறுநீர் போவதும் நடக்கும். துணி மெத்தை என்றால் அந்த வண்டியில் அப்புறம் யாரும் ஏற மாட்டார்கள். பிளாஸ்டிக் என்றால் கழுவித் துடைத்துவிடலாம். மெத்தை இடுக்கில் போதைப்பொருளையோ பிளேடையோ செருகி மறைக்கவும் வழி இல்லை. கையைப் பின்னால் கட்டி விலங்கிட்டவர் சாய்ந்து உட்கார, முதுகுப் பக்கம் ஒரு குழிவு விட்டிருப்பார்கள். சீட் பெல்ட்டின் கொக்கி கதவோரம் இருக்கும்படி மாற்றிவைத்த ரகமும் உண்டு. கைதியின் மடிமேல் குனிந்து, கடித்துவிடுவாரோ முட்டிவிடுவாரோ என்று பயந்தபடி பெல்ட் மாட்ட வேண்டிய அவசியம் இல்லை.

பின்னாலிருந்து வரும் ஆபத்து

அமெரிக்கக் காவலர் ஒருவர் நெடுஞ்சாலை ஓரத்தில் இன்னொரு காரை நிறுத்தி விசாரிக்கிறார் என்று வையுங்கள். பின்னால் 110 கிலோமீட்டரில் வரும் டிரைவர் அசந்தால், முதலில் அடி வாங்குவது நிற்கும் போலீஸ் கார்தான். இதன் விலை எவ்வளவு என்பதைக் காட்டிய வண்டி ஃபோர்டு கிரவுன் விக்டோரியா.

90-களிலும் 2000-களிலும் அமெரிக்க போலீஸ் கார் என்றாலே அதுதான். சேஸிஸ் மேல் பாடி உட்காரும் பழைய பாணிக் கட்டுமானம், 4.6 லிட்டர் வி8 இன்ஜின், பின்சக்கர இயக்கம். இடித்தால் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி மாற்றி மறுநாளே தெருவுக்கு அனுப்பலாம். மெக்கானிக்குகளுக்கு அது செல்லப்பிள்ளை. ஆனால் அதன் பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்கும் டிக்கிக்கும் நடுவில் இருந்தது. பின்னால் பலமாக மோதினால் டேங்க் கிழிந்து தீப்பிடித்த விபத்துகள் நடந்தன, காவலர்கள் இறந்தார்கள். டிக்கியில் வைத்திருந்த போலீஸ் சாமான்களே முன்னால் தள்ளப்பட்டு டேங்கைக் குத்தும் ஆபத்தும் இருந்தது. 2002-ல் ஃபோர்டு டேங்கைச் சுற்றித் தடுப்புத் தகடுகள் கொடுத்தது, பிறகு டிக்கிச் சாமானைப் பத்திரமாக வைக்க ஒரு பெட்டி, 2005 மாடலிலிருந்து தீயணைப்பு அமைப்பு ஒன்றும் விருப்பத் தேர்வாக வந்தது.

அன்றிலிருந்து, பின்னால் மணிக்கு 75 மைல், அதாவது சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும் என்பதே போலீஸ் கார் விளம்பரத்தில் முதல் வரியாகிவிட்டது. சாதாரண கார்களுக்கு அமெரிக்கச் சட்டம் கேட்கும் பின்மோதல் சோதனை 80 கிலோமீட்டர் வேகத்தில்தான்.

விளக்கும் இருட்டும்

கூரை விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; எல்லோரும் பார்ப்பதுதான். சுழலும் பல்பு போய் எல்.ஈ.டி. வந்துவிட்டது, அதனால் மின்சாரச் செலவு குறைந்தது. முன்னால் வெள்ளையாக ஒரு தொகுதி எரியும். நிறுத்தப்பட்ட காரில் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் கண் கூசும், காவலர் எந்தப் பக்கம் வருகிறார் என்று தெரியாது. கூரை விளக்கு காற்றைத் தடுப்பதால் வேகமும் குறையும், எரிபொருளும் கூடும். அதனால் கூரையில் எதுவும் இல்லாமல் கண்ணாடிக்குள்ளும் கிரில்லுக்குள்ளும் விளக்கை ஒளித்த வண்டிகளும் ஓடுகின்றன. பிரிட்டன் நேர் எதிர் வழியில் போனது: 90-களில் அரசு ஆய்வாளர்கள் உருவாக்கிய நீல, மஞ்சள் கட்டங்கள் 500 மீட்டர் தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும் என்பதுதான் அங்கே குறி.

வெளிச்சத்தைவிட இருட்டுக்கான ஏற்பாடு சுவாரசியமானது. ராத்திரியில் நம் கார்க் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும். போலீஸ் காரில் அப்படி எரிந்தால், இறங்குகிறவர் வெளிச்சத்தில் குறிவைக்க வசதியாகத் தெரிவார். ஆகவே கதவு திறந்தாலும் உள்விளக்கு எரியாது. தேவைப்பட்டால் சிவப்பாக எரியும் விளக்கும் உண்டு. சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தால் இருட்டுக்குப் பழகிய கண் அவ்வளவாகக் கெடாது. ஃபோர்டு வண்டிகளில் இன்னொரு ஏற்பாடு: காவலர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது வண்டியைச் சுற்றி யாராவது நெருங்கினால் சென்சார் கண்டுபிடித்து ஒலி எழுப்பி, கண்ணாடியை ஏற்றி, கதவையும் பூட்டிவிடும்.

அப்புறம், சாவி. இன்ஜின் ஓட வேண்டும், காவலரும் இறங்கி ஓட வேண்டும். வண்டியைத் திருடன் எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. இதற்குச் சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும் வசதி இருக்கிறது. சாவி இல்லாதவர் உள்ளே ஏறி வண்டியை எடுக்கப் பார்த்தால் இன்ஜின் நின்றுவிடும்.

அளவெடுத்துத் தைத்தவர்கள்

இப்போது அந்தத் தைத்த சட்டைக்கு வருவோம். ஃபோர்டில் அதிகாரியாக இருந்த வில்லியம் சந்தானா லீ என்பவரும், டெக்சாஸில் காவலராக இருந்த ஸ்டேசி டீன் ஸ்டீபன்ஸ் என்பவரும் 2003-ல் கார்பன் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளியது: தீயணைப்புக்குத் தனி வண்டி உண்டு, ஆம்புலன்ஸுக்குத் தனி வண்டி உண்டு, தபால்காரருக்குக்கூட அமெரிக்காவில் தனி வண்டி உண்டு, போலீஸுக்கு மட்டும் ஏன் குடும்பக் கார்?

2008-ல் அவர்கள் காட்டிய இ7 என்ற கார் அதற்குப் பதில். விளக்குகள் பாடியோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை, கூரையில் துருத்திக்கொண்டு எதுவும் இல்லை. பின் கதவு பின்பக்கம் கீல் வைத்து, முன் கதவுக்கு எதிர்த்திசையில் திறக்கும். கைவிலங்கு மாட்டியவரை ஏற்றுவது சுலபம். பின்பகுதி முழுவதும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு, தரையில் தண்ணீர் வெளியேற வழி. குழாயைப் பிடித்து அடித்துவிடலாம். பெல்ட்டுக்கு ஏற்ற சீட், குண்டு துளைக்காத தகடு, நம்பர் பிளேட் படிக்கும் கேமரா, கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் சென்சார் வரை எல்லாம் பட்டியலில் இருந்தன. 3 லிட்டர் பிஎம்டபிள்யூ டீசல் இன்ஜின், உச்ச வேகம் சுமார் 250 கிலோமீட்டர், ஆயுள் 4 லட்சம் கிலோமீட்டர் என்றார்கள். பழசானதும் பொதுமக்களுக்கு ஏலம் விட மாட்டோம், நாங்களே பிரித்து மறுசுழற்சி செய்வோம் என்றும் சொன்னார்கள். பழைய போலீஸ் கார் தவறான கைக்குப் போவது அமெரிக்காவில் நிஜமான தலைவலி.

அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. சாதாரண காரை வாங்கி, டேஷ்போர்டைப் பிரித்து, கூரையில் ஓட்டை போட்டு, வயர் இழுத்துப் போலீஸ் காராக மாற்றுவதற்குத் தனிச் செலவும் நாட்களும் ஆகின்றன. ஓட்டை போட்ட இடத்தில் நீர் கசியும், அவசரத்தில் இழுத்த வயர் பழுதாகும். கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி அடுத்த காரில் மாட்ட வேண்டும். ஆலையிலிருந்தே எல்லாம் பொருத்தி வந்தால் இந்தத் தொல்லை இல்லை.

2009-ல் இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் என்ற சிற்றூரில் மூடிக்கிடந்த ஒரு உதிரிபாக ஆலையைத் தேர்ந்தெடுத்தார்கள். வேலை போய் வாடிக்கிடந்த ஊர் கொண்டாடியது. 2010-ல் பிஎம்டபிள்யூவோடு 2,40,000 இன்ஜினுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஆலையை ஓட்டத் தேவையான சுமார் 31 கோடி டாலரை மத்திய எரிசக்தித் துறையிடம் கடனாகக் கேட்டார்கள். 2012 மார்ச்சில் அது மறுக்கப்பட்டது. 2013-ல் நிறுவனம் திவாலானது. மாதிரி வண்டியைத் தாண்டி உற்பத்தி தொடங்கவே இல்லை.

கடன் கிடைக்காததுதான் காரணம் என்று சொல்லலாம். எனக்கென்னவோ, கடன் கிடைத்திருந்தாலும் கஷ்டம்தான் என்று தோன்றுகிறது. ஒரு புதிய காரை வடிவமைத்து, மோதல் சோதனை செய்து, பாகங்களை வார்க்கும் அச்சுகளைச் செய்து, ஆலை நிறுவும் செலவு நூறு கோடி டாலர் கணக்கில் போகும். ஃபோர்டு அந்தச் செலவைக் குடும்பங்களுக்கு விற்கும் எக்ஸ்புளோரர் கார்களின் மேல் பரப்பிவிடுகிறது. போலீஸ் ரகம் அதே ஆலையில் கூடுதலாக வருகிறது. போலீஸுக்கு மட்டும் விற்கிறவருக்கு அந்த வழி இல்லை. பழுது பார்ப்பதும் அப்படித்தான். பத்துப் பேர் இருக்கும் சிற்றூர்க் காவல் நிலையத்துக்கு, பக்கத்து ஃபோர்டு டீலரிடம் பம்பர் கிடைக்கும் வண்டிதான் நிம்மதி.

இதற்கு இன்னொரு சாட்சி செவ்ரோலே கேப்ரிஸ். ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் ஆலையில் செய்து, 2011-லிருந்து அமெரிக்காவில் போலீஸுக்கு மட்டுமே விற்ற கார் அது. பொதுமக்கள் ஷோரூமில் வாங்க முடியாது. சீட்டிலேயே பெல்ட்டுக்குக் குழிவு, நீண்ட பின்பகுதி என்று நல்ல வண்டி. ஆனால் அடியில் இருந்தது ஆஸ்திரேலியர்களுக்கான ஹோல்டன் கார். 2017-ல் அந்த ஆலை மூடப்பட்டதும் அமெரிக்கக் காவலருக்கும் வண்டி இல்லாமல் போனது. அளவெடுத்துத் தைத்தது மாதிரி தெரிந்ததும் கடைசியில் ரெடிமேட்தான்.

இ7 போனாலும் அது கேட்டவற்றில் சில மெல்ல வந்துவிட்டன. கிரவுன் விக்டோரியா 2011-ல் நின்ற பிறகு ஃபோர்டு எக்ஸ்புளோரரைப் போலீஸ் வண்டியாக்கியபோது, சீட், இரும்புத் தகடு, குண்டு தாங்கும் கதவு, ஆலையிலேயே வயர் இழுத்துத் தருவது என்று நிறைய சேர்ந்தன. 2020-ல் அதே வண்டி, பெட்ரோல் இன்ஜினும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் ஆனது. நின்றிருக்கும்போது விளக்கும் கணினியும் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கினால் மட்டும் இன்ஜின் தானாக விழித்துச் சிறிது நேரம் ஓடிவிட்டு அணையும். என் கணிப்பில், போலீஸ் காரில் கடந்த முப்பது வருடத்தில் வந்த மாற்றங்களில் அதிகம் மிச்சப்படுத்தியது இதுதான்.

அடுத்து முழு மின்சாரம். அமெரிக்காவின் முதல் போலீஸ் காராகச் சொல்லப்படுவதும் மின்சார வண்டிதான்: 1899-ல் ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் ஓடியது, மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகம். இன்றைக்குக் கனெக்டிகட்டின் வெஸ்ட்போர்ட் போன்ற ஊர்கள் டெஸ்லாவை ரோந்துக்கு விட்டிருக்கின்றன. செவ்ரோலே தன் பிளேசர் மின்சாரக் காரில் போலீஸ் ரகம் செய்கிறது. நிற்பதற்கு மின்சாரக் கார் அருமையானது, இன்ஜினே இல்லை, தேய ஒன்றும் இல்லை. சிக்கல் ஷிஃப்ட் மாறும்போது வருகிறது. பல ஊர்களில் ஒருவர் இறங்க, சீட் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் அதே வண்டியில் ஏறிக் கிளம்புவார். பெட்ரோல் என்றால் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம். காவலர் வண்டியை வீட்டுக்கே எடுத்துப்போகும் ஊர்களில் ராத்திரி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஒரே கார் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் ஊர்களில் சார்ஜ் ஏறும் நேரத்துக்கென்று கூடுதலாகக் கார் வாங்க வேண்டும், அல்லது வேகமாகச் சார்ஜ் ஏற்றும் நிலையத்தைக் காவல் நிலைய வளாகத்திலேயே கட்ட வேண்டும். சிறிய ஊர்களின் பட்ஜெட்டில் இரண்டுமே சுலபமில்லை.